விறகுக்குப் பின்னால் ஒரு ஆள் இடம்

ஒரே குசினியில் ஆக்கிய சோற்றைத் தின்றும் ஒரு நாள்கூட நான் வாய் திறந்து கூப்பிடாத என் அன்பு மாமாவுக்கு,

மாமா என்று எழுதிவிட்டேன். புருஷனுடைய அண்ணனை, மூத்தாரை, தம்பி பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசக் கூடாது, அவர் வருகிற வழியில் நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை அதை ஒழுங்காகவே காப்பாற்றினேன். செத்தவரிடம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், தெரிந்தால் சிரிப்பார்கள். மூத்தாருக்குக் காகிதம் எழுதுகிறாளாம் அஞ்சலை, நாலாம் வகுப்புப் படித்த திமிர் என்பார்கள். சிரிக்கட்டும், கையோடு படிக்கவும் படிக்கட்டும். உங்களைப் பற்றி இந்த லயத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். மழை பிடித்தால் பழைய குளிர்காய்ச்சல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மற்றபடி விடிந்தால் ரப்பர் மரம் சீவக் கிளம்பிவிடுகிறார். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். ரப்பர் மறுபடியும் கப்பல் ஏறுகிறது. அரிசி இன்னும் அளந்துதான் கிடைக்கிறது, ஆனாலும் கிடைக்கிறது.

ராசாத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் தோளில் ஏறிக்கொண்டு லிங்கி ஆற்றுப் பக்கம் போனதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. பெரியப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது? உங்கள் முகத்தை நேராகப் பார்த்திருந்தால் அல்லவா சொல்ல? கதவிடுக்கில் தெரிந்த முதுகும் பலகை பிடித்த கையும்தான் எனக்குத் தெரியும்.

இப்போது லயத்தைப் பழுது பார்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு குசினியில் சிமெண்ட் அடுப்பும் புதுத் தட்டும் போட்டுத் தரப்போகிறார்களாம். பழைய மரத்தையெல்லாம் பிடுங்கிப் போட உத்தரவு. அதனால்தான் போன வாரம் நாங்கள் விறகு மூலையைப் பிரித்தோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் படிக்கிறவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. நீங்கள் வந்த நாளிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட்டில் உங்கள் லயத்தை ஜப்பான் சிப்பாய்கள் தங்குவதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாயும் தச்சுச் சாமான் பையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் மனைவி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகுட்டியும் இல்லை. தம்பி வீட்டை விட்டால் உங்களுக்குப் போக இடம் ஏது?

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் வளையோ எலிக்கே போதாதது. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு குசினி, அவ்வளவுதான். "தட்டு வைக்கவே எடம் இல்ல, இன்னொரு ஆள எங்க வைக்கிறது?" என்று உங்கள் தம்பியிடம் குசினியில் நின்று முணுமுணுத்தேன். லயத்துப் பலகைச் சுவர் எதைத்தான் மறைக்கும்? உங்கள் காதில் விழுந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். நீங்கள் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டீர்கள். மறுநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது குசினி நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வர முடியாமல் நான் குடத்தோடு வெளியே ஒதுங்கி நின்றேன். இடுப்பு ஒடிந்து போனது. நீங்கள் பார்க்கிறீர்கள், பார்க்கிறீர்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

அப்படிப் பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது? மண் தரை, தகரக் கூரை, அடுப்பு, அம்மி. பானை சட்டியெல்லாம் தரையில். உப்புப் பானை தரையில், புளி தரையில், மிளகாய் ஒரு ஓட்டை டின்னில், அதுவும் தரையில். மழை பெய்தால் பின்கதவு வழியாகத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டுப் போகும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயப்போடும் புகைவீட்டில் தட்டு அடித்தே வளர்ந்த கை உங்களுடையது. ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் படாமல், நடுவே காற்றும் புகையும் போக, கூரைவரை அடுக்கத் தெரிந்தவர். நீங்கள் உங்கள் தம்பியிடம் சொன்னதாக அவர் வந்து சொன்னார்: "தரையில இருக்கறது எலிக்கும் தண்ணிக்கும்டா. செவுத்துல இருக்கறதுதான் வீட்டுக்கு."

பலகை கிடைக்காத காலம் அது, ஆணி அதைவிடக் கிடைக்காத காலம். மண்ணெண்ணெய்ப் பெட்டியை உடைத்தீர்கள். பழைய ஆணிகளைப் பிடுங்கி என் அம்மியின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் சொல்ல முடியாது, அதனால் அம்மியிடமே சொன்னேன். "ஏ அம்மி, நீ மொளகா அரைக்கப் பொறந்தியா, ஆணி நிமிர்த்தப் பொறந்தியா?" சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அதற்கப்புறம் ஆணி தட்டுவதற்கு வாசலில் ஒரு கல் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் வழி கண்டுபிடித்தோம். எனக்கு வேண்டியதை அம்மியிடம் சொல்வேன், நீங்கள் பதிலைச் சுவருக்குச் சொல்வீர்கள். "அம்மி, உப்பு கசிஞ்சு போகுது, அடுப்புக்கு மேல ஒரு பலகை இருந்தா தேவல" என்பேன். மறுநாள் பலகை இருக்கும். "அந்தப் பலகையில கனம் வைக்க வேணாம்" என்று சுவர் கேட்டுக்கொள்ளும். உங்கள் தம்பி நடுவில் உட்கார்ந்து சிரிப்பார். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், அதில் ஊமை இரண்டு பேர் என்பார்.

மரம் சீவும் வேலை நின்றிருந்ததால் பால் பிடிக்கும் மங்குகள் மரத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்தன. நீங்கள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கழுவி, மரத்தில் கட்டும் அதே கம்பியில் குசினிச் சுவரில் வரிசையாகக் கட்டினீர்கள். ஒன்றில் மிளகாய், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் புளி, ஒன்றில் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பு. உறிக் கயிற்றில் டின் தகரத்தை வட்டமாக வெட்டிக் கோத்தீர்கள். எலி கயிற்றில் இறங்கி வந்து தகரத்தில் வழுக்கி விழுந்ததை நானும் உங்கள் தம்பியும் பார்த்துச் சிரித்தோம். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தது கேட்டது.

கொடுமையைப் பாருங்கள் மாமா. வைக்க ஒன்றும் இல்லாத காலத்தில்தான் வைப்பதற்கு அத்தனை இடம் வந்தது. அரிசி கைப்பிடியாகி, அப்புறம் அதுவும் தவிடும் புழுவுக்குத் தூவிய சுண்ணாம்புமாகி, கடைசியில் மரவள்ளிதான் என்று ஆனது. பிடுங்கிய மரவள்ளி தாங்காது, நாலாம் நாள் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். அதை வில்லை வில்லையாகச் சீவி அடுப்புக்கு மேலே புகையில் காயவைக்க ஒரு தட்டு அடித்தீர்கள், புகைவீட்டுத் தட்டு மாதிரியே. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று கொதித்தது. லயத்தில் பாதி வீட்டுக்கு நீங்கள் அப்படித் தட்டு அடித்துக் கொடுத்தீர்கள்.

நான் மனசார உங்களை ஏற்றுக்கொண்டது அப்போதுதான். ராசாத்திக்குக் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் உங்கள் தட்டைப் பார்ப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மியிடமாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் சயாம் வந்தது.

சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதலில் ஆசை காட்டினார்கள். சம்பளம், அரிசி, சீக்கிரம் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பிறகு ஆசை காட்டுவதை நிறுத்திவிட்டு லாரியைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனான். ஆள் இல்லாத வீட்டில் தலைகீழாகப் புரட்டித் தேடினார்கள், பெண்பிள்ளைகளை அடித்தார்கள்.

ஓடத் தெரிந்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். உங்கள் தம்பியால் வாசல்வரை நடக்க முடியவில்லை. குளிர்காய்ச்சல் அவரைக் கரும்புச் சக்கையாகப் பிழிந்து போட்டிருந்தது. எனக்கு வயிற்றில் மாசம் ஏறிக்கொண்டிருந்தது. இவரை லாரியில் ஏற்றினால் கெமாஸ் ரயில் ஸ்டேஷன்கூடத் தாண்டமாட்டார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். லாரி எப்போது நம் லயத்துக்கு வரும் என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

நீங்கள் மறுபடியும் குசினி நடுவில் போய் நின்றீர்கள். இந்த முறை நான் முணுமுணுக்கவில்லை.

பின்கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த மூலையில்தான் விறகு அடுக்குவோம். நீட்டு விறகையெல்லாம் நீங்கள் பாதியாக நறுக்கினீர்கள். மூலைக்குக் குறுக்கே பலகை அடித்து, அதற்கு முன்னால் அந்தப் பாதி விறகை, வெட்டு முகம் வெளியே தெரிய, கூரையைத் தொடும்வரை அடுக்கினீர்கள். முன்னால் நின்று பார்ப்பவனுக்கு முழு விறகு சுவர்வரை போவதாகத்தான் தோன்றும். கதவுப் பக்கம் ஒரு பலகை மட்டும் கழலும். அதன் வழியாக உள்ளே நுழைந்து ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

சாமான் வைக்க இடம் செய்த கை, மனுஷனை வைக்க இடம் செய்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்கள் தம்பியை உள்ளே வைத்து மூடிப் பார்த்தீர்கள், திறந்தீர்கள். சரியாக இருந்தது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

நீங்கள் வாசலுக்குப் போனதும் அம்மியிடம் கேட்டேன். "அம்மி, அந்த மூலையில ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?" வாசலில் உளியைத் துடைக்கும் சத்தம் நின்றது. அப்புறம் சுவர் சொன்னது: "ஒரு ஆளுக்குத்தான் எடம். குசினியில அதுக்கு மேல எடம் இல்ல."

நான் நம்பினேன். இந்தக் குசினியில் எங்கே என்ன வைக்கலாம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? இல்லை என்று நீங்கள் சொன்னால் இல்லைதானே?

லாரி வந்த அன்றைக்கு மழை விட்டிருந்தது. உச்சிப்பொழுது. நான் ராசாத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தேன். லயத்தின் அந்தக் கோடியில் அழுகைச் சத்தம் கேட்டதுமே நீங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தீர்கள். நான் ஒதுங்கி நின்றேன், அந்த அவசரத்திலும் முக்காட்டை இழுத்துக்கொண்டு. பலகையை மூடிவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொண்டீர்கள்.

மண்டோரும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வந்தார்கள். தம்பி எங்கே என்று மண்டோர் கேட்டான். கெமாஸில் ரயிலுக்குக் கரி அள்ளும் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றீர்கள். "சும்மா பொய் சொல்லாத லா" என்று மண்டோர் குசினிக்குள் நுழைந்தான். சிப்பாயும் பின்னாலேயே வந்தான். மங்கு வரிசையை ஒரு தரம் பார்த்தான், தட்டைப் பார்த்தான், விறகைப் பார்த்தான்.

அப்போதுதான் விறகுக்குப் பின்னால் இருமல் கிளம்பியது. முழு இருமல்கூட இல்லை, அடக்கி அடக்கி உடைந்த ஒரு செருமல். மண்டோர் தலையைத் திருப்பினான்.

"தாயி, புள்ளைக்குச் சுத்திப் போடு. காலையிலேர்ந்து அழுவுது பாரு" என்றீர்கள்.

என்னிடம்தான் சொன்னீர்கள். சுவரிடம் இல்லை, என்னிடம். நீங்கள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. உடனே மங்குக்குள் கையை விட்டு அகப்பட்ட மிளகாயையெல்லாம் அள்ளி, ராசாத்தியின் தலையைச் சுற்றி, அடுப்பில் போட்டேன். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். அன்றைக்கு வந்ததே நெடி! சிப்பாய் இருமினான், மண்டோர் இருமினான், நான், நீங்கள், குழந்தை, எல்லாரும் இருமினோம். விறகும் எங்களோடு சேர்ந்து இருமியது.

சிப்பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினான். மண்டோருக்கும் நிற்க முடியவில்லை. இருக்கிற ஒரு ஆள் போதும், நீ ஏறு என்று உங்கள் தோளைப் பிடித்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். படியிறங்கும்போது திரும்பாமல், எப்போதும்போல் சுவரிடம் சொன்னீர்கள்: "வெறக எப்பவும் மேலேர்ந்து எடுக்கணும். அடியில உருவக் கூடாது."

அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

மேலிருந்தும் எடுக்கவில்லை மாமா, அடியிலிருந்தும் உருவவில்லை. அந்த விறகில் ஒரு குச்சியைக்கூட நான் தொடவில்லை. மழைநாளில் வெளியே பொறுக்கிய ஈரச் சுள்ளியை ஊதி ஊதி எரித்தேன், கண்ணெதிரே கூரைவரை காய்ந்த விறகு நின்றது. பையன் பிறந்தபோது வெந்நீர் வைக்கவும் அதே ஈரச் சுள்ளிதான். லாரி மறுபடியும் வந்தபோதெல்லாம் உங்கள் தம்பி உள்ளே உட்கார்ந்து உயிரைப் பிடித்துக்கொண்டார். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு சயாமிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். கெமாஸில் ரயிலை விட்டு இறங்கி, எலும்பும் தோலுமாக, புண்ணைச் சாக்கால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நாலாவது லயத்துச் சன்னாசியும் வந்தான். உங்களோடு ஒரே கொட்டகையில் கிடந்தவன் அவன்தான். வாந்திபேதியில் கொட்டகையே காலியானபோது நீங்களும் போய்விட்டீர்கள் என்றான். குழியில் போட்டார்களா, எரித்தார்களா என்று கேட்டோம். அவன் காலில் சுற்றிய சாக்கை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

கட்டி முடித்துவிட்டு அவனாகச் சொன்னான். கொட்டகைக்குள் எப்போதும் முழங்கால் சேறாம். நீங்கள் மூங்கிலைப் பிளந்து ஆளுக்கொரு தட்டுக் கட்டிக் கொடுத்தீர்களாம், துணிமூட்டையும் சோற்றுத் தகரமும் நனையாமல் வைத்துக்கொள்ள. அந்தத் தட்டில்தான் நோயாளிகளையும் படுக்க வைத்தார்களாம்.

தேதி தெரியாததால் ஆடி அமாவாசையில் லிங்கி ஆற்றங்கரையில் உங்கள் தம்பி உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். லயத்து ஆட்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்றார்கள். கூடவே எல்லாரும் ஒன்றைச் சொன்னார்கள். "அவருக்கென்ன, ஒத்தக் கட்டை. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. உசுரு மேல ஆசை விட்டுப்போன மனுஷன், அதான் லேசாப் போயிட்டாரு." நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வந்தது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

விறகை இறக்கி, பலகையைக் கழற்றி, வெள்ளையடிப்பதற்காகச் சுவர்க் கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கத் தேய்க்க ஒரு இடத்தில் சுவரிலிருந்து கறுப்பாக ஏதோ பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. மரவள்ளிப் பசையில் அடுப்புக்கரியைக் குழைத்து அடைத்தது. உள்ளே ஆணி ஓட்டை. அதற்கு மேலே இன்னொன்று, இன்னும் மேலே இன்னொன்று. நீங்கள் பலகை அடித்திருந்த இடம் அதில்லை. அதைவிட ஒரு முழம் முன்னால், தரையிலிருந்து கூரைவரை ஒரே வரிசை.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இது எதற்கு அடித்த ஆணி என்று கேட்டேன். அவர் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போனார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் காய்ச்சல்ல கனவு கண்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அஞ்சல" என்றார். "நீ அன்னிக்குப் பகல் பூரா மரவள்ளி புடுங்கப் போயிருந்த. அண்ணன் என்னைய உள்ள வச்சுட்டு, அவரும் உள்ள வந்து எதுத்தாப்புல உட்கார்ந்தாரு. முட்டிக்கு முட்டி. 'ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்டா'ன்னு சிரிச்சாரு. சின்னப் புள்ளைல மழைக்கு ஒண்டுவோமே, அந்த மாதிரி இருந்துச்சு. மறுநாள் பார்த்தா எடம் சின்னதா இருந்துச்சு. சரி, கனவுதான்னு விட்டுட்டேன்."

நான் ஏன் என்று கேட்டேன். அவர் எழுந்து பழைய ஓட்டை வரிசைக்கு நேராக ஒரு பலகையை நிறுத்திப் பிடித்தார், என்னைக் கதவண்டை போய் நின்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதற்கு முன்னால் விறகையும் அடுக்கினால், அடுக்கு அடுப்பை மறைத்துக்கொண்டு துருத்தி நிற்கும். எந்த விறகும் அவ்வளவு நீளம் இல்லை. "மண்டோரும் லயத்துல பொறந்தவன்தான். எல்லா வீட்டுக் குசினியும் ஒரே அளவு. ஒரு முழம் கொறைஞ்சா அவன் காலுக்கே தெரியும்" என்றார். பலகையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனவர் சாயங்காலம்வரை வரவில்லை.

நான் அங்கேயே நின்றேன் மாமா. எத்தனை கோணல் ஆணியை நிமிர்த்தி நீங்கள் அந்த வரிசையை அடித்திருப்பீர்கள்? உள்ளே உட்கார்ந்து பார்த்து, சிரித்து, அப்புறம் கதவண்டை போய் நின்று பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு, நான் திரும்பி வருவதற்குள் ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பலகையைப் பின்னால் தள்ளி அடித்து, ஓட்டையைப் பசையால் அடைத்து, அதன் மேல் கரியும் பூசியிருக்கிறீர்கள், யாரும் கேட்காமல் இருக்க. அதற்கு அப்புறம்தான் நான் அம்மியிடம் கேட்டேன், ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று.

உயிர் மேல் ஆசை விட்டுப்போன மனுஷனா? ஆசைப்பட்டீர்கள் மாமா. எங்களோடு இருக்க ஆசைப்பட்டீர்கள். என் கையால் ஆக்கிய மரவள்ளியைத் தின்றுகொண்டு, சுவரிடம் பேசிக்கொண்டு, ராசாத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சகாலம் இருக்க வேண்டும் என்று உங்களுக்கும் இருந்தது. உங்களுக்கென்றும் ஒரு இடம் செய்தீர்கள். அதை நீங்களே பிடுங்கினீர்கள். தெய்வம் மாதிரி போனார் என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. நம்மைப் போல ஒருவர்தான், பயந்துதான் போயிருக்கிறார் என்று தெரிந்த பிறகு வலிக்கிறது.

இதை லயத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்டவர்கள் வந்து ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சன்னாசி மட்டும் ஓட்டைகளை வந்து பார்த்துவிட்டு, அவருக்கு ஆசை இருந்தது எனக்குத் தெரியும் என்றான். கொட்டகையில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்களாம், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று. மற்ற எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகம் கேட்டீர்களாம்.

பையனுக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மூத்தார் பெயரைச் சொல்லக் கூடாது என்று இத்தனை நாளும் அவனைத் தம்பி, ராசா என்று சுற்றி வளைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நேற்று வாசலில் நின்று, லயமே கேட்க, மாணிக்கம் என்று கூப்பிட்டேன். அவன் தன்னைத்தான் என்று தெரியாமல் விளையாடிக்கொண்டே இருந்தான்.

நாளைக்குச் சிமெண்ட் வேலைக்கு ஆள் வருகிறது. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

எனக்கு வாய் இருந்தும் அன்றைக்குக் கல்லோடு பேசினேன். முகத்துக்கு நேரே நின்று பேச முடிந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன், இப்போது சொல்கிறேன்: அந்தப் பலகையை முன்னாலேயே அடியுங்கள் மாமா. மண்டோர் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும், விறகு துருத்தினால் துருத்தட்டும், நான் முன்னால் நின்று மறைத்துக்கொள்கிறேன். நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.

இதை உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். என் பையனுக்கு ஒரு தம்பி பிறந்து, அந்தத் தம்பிக்கு ஒரு பெண் வந்தால், அவள் இந்த வீட்டில் மூத்தாரை முகம் பார்த்துப் பேசுவாள். நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று அவரையே கேட்பாள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
நீங்கள் ஒரே ஒரு முறை தாயி என்று கூப்பிட்ட
அஞ்சலை